உட்பொதி கருவிகளில் கெர்னலின் அளவு: வடிவமைக்கும்போதே கணக்கிட வேண்டியவை

ரவுட்டர், கண்காணிப்புக் கேமரா, மின் அளவி போன்ற கருவிகளை வடிவமைப்பவர்கள், அன்றைக்குக் கையில் இருக்கும் கெர்னல் (இயங்குதளத்தின் மையநிரல்) கோப்பின் அளவைப் பார்த்து, அதற்கு மேல் சிறிது இடம் விட்டு, மின்சாரம் போனாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகத்தில் கெர்னலுக்கான பார்ட்டிஷனை, அதாவது தனியாகப் பிரித்த பகுதியை, வரையறுத்துவிடுகிறார்கள். சில ஆண்டுகள் கழித்து, கட்டாயம் ஏற்றியாக வேண்டிய பாதுகாப்புத் திருத்தம் ஒன்று புதிய கெர்னல் பதிப்போடு வரும்போது, அது அந்தப் பார்ட்டிஷனில் கொள்ளாமல் போகிறது. வன்பொருள் நன்றாக உழைத்துக்கொண்டிருக்கும் கருவிகள், இந்த ஒரே காரணத்தால் ஓட்டை அடைக்கப்படாமல் இணையத்தில் தொடர்ந்து இயங்குவதை என் பணியில் மீண்டும் மீண்டும் பார்க்கிறேன். இது முன்கூட்டியே தவிர்க்கக்கூடிய இழப்பு என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஃபிளாஷில் இருப்பது சுருக்கப்பட்ட கெர்னல். அது ராமில் விரியும்போது இரண்டு மடங்குக்கும் மேல் பெருகுவது சாதாரணம். அதற்கும் அப்பால், தொடக்க மதிப்பு இல்லாத மாறிகளுக்கான பிஎஸ்எஸ் பகுதி, கோப்பில் இடமே பிடிக்காமல் ராமில் மட்டும் இடம் பிடிக்கிறது. நான் ஆராய்ந்த ஒரு பலகையில், பூட்லோடர் (கெர்னலை ராமில் ஏற்றித் தொடங்கிவைக்கும் நிரல்) டிவைஸ் ட்ரீயை, அதாவது பலகையின் வன்பொருளைக் கெர்னலுக்கு விவரிக்கும் தரவை, ராமின் தொடக்கத்திலிருந்து 8 எம்பி தள்ளி வைத்திருந்தது. சுருக்கிய கெர்னல் 4 எம்பிக்கும் குறைவுதான். ஆனால் புதிதாகச் சேர்த்த சில டிரைவர்களால் (வன்பொருளை இயக்கும் நிரல்கள்) விரிந்த கெர்னலின் பிஎஸ்எஸ் பகுதி அந்த 8 எம்பி எல்லையைத் தாண்டியிருந்தது. கெர்னல் தொடங்கியவுடன் அந்தப் பகுதி முழுவதையும் பூஜ்யத்தால் நிரப்புமாதலால், இன்னும் படிக்கப்படாத டிவைஸ் ட்ரீயும் சேர்ந்து அழிந்தது. பலகையின் செய்திகளைக் காட்டும் சீரியல் கன்சோலில் ‘ஸ்டார்ட்டிங் கெர்னல்’ என்ற வரி வந்ததோடு சரி, அதன் பிறகு ஓர் எழுத்தும் வரவில்லை. கோப்பின் அளவை மட்டும் பார்ப்பவருக்கு இந்தப் பிழை பிடிபடாது. சுருக்கப்படாத கெர்னலான விஎம்லினக்ஸ் கோப்பின் மீது ‘சைஸ்’ கட்டளையை ஓட்டி, டெக்ஸ்ட் (நிரல்), டேட்டா (தொடக்க மதிப்புள்ள மாறிகள்), பிஎஸ்எஸ் மூன்றையும் கூட்டிப் பார்த்தால்தான் உண்மையான அளவு தெரியும்.

மற்ற வரம்புகள் இவ்வளவு மௌனமாக இருப்பதில்லை. பரவலாகப் பயன்படும் பூட்லோடரான யூ-பூட் விரிக்கும் கெர்னலுக்கான உச்ச வரம்பு நெடுங்காலம் 8 எம்பி என்றே இயல்பாக இருந்தது. அதை மீறினால் பிழைச் செய்தி தெளிவாகவே வரும், மதிப்பை உயர்த்திக்கொள்ளலாம். 32 பிட் ஆர்ம் செயலியில் ஒரு நேரடி அழைப்பு முன்னும் பின்னும் 32 எம்பி தொலைவுக்கே தாவும் என்பதால், கெர்னல் மிகவும் பெருத்தால் மாட்யூல்கள் (கெர்னலோடு பின்னர் இணையும் தனிக் கோப்புகள்) ஏற மறுக்கும். சிறு கருவிகளில் இந்த நிலை அரிது.

திருத்துவதற்கு மிகவும் கடினமானது பார்ட்டிஷன்தான். பயன்பாட்டில் இருக்கும் கருவியில் அதன் எல்லையை நகர்த்த வேண்டுமானால், அடுத்துள்ள கோப்பு முறைமையையும் அழித்து எழுத வேண்டும்; இடையில் மின்சாரம் போனால் கருவி மீளாது. சில பிளாக்குகள் பழுதாகவே இருக்கக்கூடிய நாண்ட் வகை ஃபிளாஷாக இருந்தால் பழுதான பிளாக்குகளுக்கும் பார்ட்டிஷனுக்குள்ளேயே இடம் ஒதுக்கியிருக்க வேண்டும். 4 எம்பி ஃபிளாஷும் 32 எம்பி ராமும் கொண்ட ரவுட்டர்களுக்கு, ரவுட்டர்களுக்கான லினக்ஸை உருவாக்கும் ஓபன்-டபிள்யூஆர்டி திட்டம் 19.07 பதிப்போடு அதிகாரபூர்வ ஆதரவை நிறுத்திக்கொண்டதற்கு இந்த இட நெருக்கடியே காரணம்.

இடம் போதாதபோது பலரும் முதலில் செய்வது, ஜிஜிப் சுருக்க முறையிலிருந்து, இன்னும் இறுக்கமாகச் சுருக்கும் எல்இசட்எம்ஏ அல்லது எக்ஸ்இசட் முறைக்கு மாறுவது. ஃபிளாஷில் இடம் மிஞ்சும். ஆனால் மெதுவான செயலியில் விரிக்கும் நேரம் கூடும், ராமில் எதுவும் குறையாது. டிரைவர்களை மாட்யூலாகப் பிரிப்பதும் கெர்னல் பார்ட்டிஷனின் சுமையை கோப்பு முறைமைக்கு மாற்றுவதாகவே பெரும்பாலும் முடிகிறது. கெர்னல் மூலநிரலோடு வரும் ‘புளோட்-ஓ-மீட்டர்’ ஸ்கிரிப்ட்டைக் கொண்டு பழைய, புதிய பதிப்புகளை ஒப்பிட்டு, எந்தச் செயற்கூறு எத்தனை பைட் வளர்ந்தது என்று பார்த்துவிட்டு வெட்டத் தொடங்குவதே சரியான முறை என்பது என் கருத்து. பயன்படாத கோப்பு முறைமைகள், நெட்வொர்க் நெறிமுறைகள், பிழைதேடும் வசதிகள் ஆகியவற்றை அகற்றினாலே கணிசமான இடம் கிடைக்கும். செய்தி அச்சிடும் வசதியையே நீக்கிவிட்டு இடம் மிச்சப்படுத்துவதை மட்டும் நான் பரிந்துரைப்பதில்லை. களத்தில் கருவி பழுதாகும்போது நமக்கிருக்கும் ஒரே சாட்சி அதுதான். உண்மையில் தேவை மிகச் சிறியதாக இருந்தால், லினக்ஸைச் செதுக்கிக்கொண்டிருப்பதைவிட, 6 முதல் 12 கேபிக்குள் அடங்கும் ஃப்ரீஆர்டாஸ் (சிறு கருவிகளுக்கான நிகழ்நேர இயங்குதளம்) போன்ற கெர்னலைத் தேர்ந்தெடுப்பது நேர்மையான தீர்வு.

புதிதாக வடிவமைப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இரண்டு. கெர்னல் பார்ட்டிஷனை இன்றைய கோப்பைப் போல இரு மடங்காகவாவது ஒதுக்குங்கள். பார்ட்டிஷனின் எல்லை, டிவைஸ் ட்ரீ வைக்கும் முகவரி ஆகிய இரண்டையும் கெர்னலைத் தொகுக்கும் பில்ட் ஸ்கிரிப்ட்டிலேயே எழுதி, அவற்றில் 80 விழுக்காட்டைத் தொட்டால் எச்சரிக்கை தரும்படியும், எல்லையையே தாண்டினால் பிழை தந்து பில்ட் நின்றுவிடும்படியும் அமையுங்கள்.