நிஹிலிசம்னா என்ன, தமிழ்ல எப்படி சொல்றது?

டெத் நோட்ங்கிற ஜப்பானிய மங்கா (காமிக்ஸ்) பத்தி பேச்சு எடுத்தாலே யாராவது ஒருத்தர் அதோட நாயகன் "லைட் யாகமி பக்கா நிஹிலிஸ்ட்"னு சொல்லிடுறாங்க, எனக்கு இது ரொம்ப நாளா உறுத்திட்டே இருக்கு, ஏன்னா அந்த சொல்லுக்கு நேர் எதிர்ல நிக்கிற ஆளு அவன்.

லத்தீன்ல நிஹில்னா 'ஒண்ணுமில்ல'. 1799ல யாக்கோபிங்கிற ஜெர்மன் தத்துவவாதி ஃபிக்டேங்கிற இன்னொரு தத்துவவாதிக்கு எழுதின கடிதத்துல நிஹிலிசம்ங்கிற சொல்ல ஒரு குற்றச்சாட்டாவே வச்சாரு, அப்புறம் 1862ல ரஷ்ய எழுத்தாளர் துர்கனேவோட 'தந்தையரும் தனயரும்' நாவல் வந்தப்பதான் அது பரவலா புழக்கத்துக்கு வந்துச்சு. நல்லது கெட்டது, வாழ்க்கைக்கு ஒரு நோக்கம் இதெல்லாம் நிஜத்துல கிடையாது, நாமளா கட்டிவச்சதுங்கிறதுதான் சாரம். ஜப்பானியர்கள் இத கியோமு ஷுகினு சொல்றாங்க. கியோன்னா வெறுமை, மு-ன்னா இல்லாமை, ஷுகின்னா கொள்கை.

இப்ப லைட்ட பாருங்க. 17 வயசுப் பையன், யார் பேர எழுதினாலும் அவங்க செத்துப்போற ஒரு நோட்டு கையில கிடைச்சதும் குற்றவாளிங்க பேரா எழுதித் தள்றான், "நான்தான் நீதி"ங்கிறான், அவனப் பிடிக்க வந்த 'எல்'ங்கிற துப்பறிவாளனும் அதையேதான் சொல்றான். நல்லது கெட்டதே இல்லன்னு நினைக்கிறவனுக்கு யாரத் தண்டிக்கணும்னு கணக்கு எதுக்கு? அவனுக்கு நீதி மேல நம்பிக்கை இல்லாம இல்ல, தன்னோட நீதி மேல வெறித்தனமான நம்பிக்கை. அந்தக் கதையில நிஹிலிசம் இருக்கிற இடம் வேற. செத்தப்புறம் சொர்க்கமும் இல்ல நரகமும் இல்ல, எல்லாரும் போறது 'மு'வுக்குத்தான்னு மங்கா முடிவுல ரியூக்ங்கிற மரண தேவதை சொல்லுமே, அங்க. கியோமுல வர்ற அதே மு.

நிஜமான நிஹிலிஸ்ட் வேணும்னா 2004ல வந்த மான்ஸ்டர்ங்கிற ஜப்பானிய அனிமேஷன் தொடர் பாருங்க, 74 எபிசோடு, பொறுமையா பாக்கணும். எல்லா உயிரும் சமம்னு நம்பி மேயர விட்டுட்டு ஒரு சின்னப் பையனுக்கு ஆபரேஷன் பண்றாரு டாக்டர் தென்மா, அந்தப் பையன் யோஹான் வளர்ந்து வந்து, மனுஷங்க சமமா இருக்கிறது சாவுல மட்டும்தான்ங்கிறான். அவனுக்கு பணமும் வேணாம் பழியும் வேணாம், அதனாலதான் அவன நினைச்சாலே இன்னிக்கும் எனக்கு வயித்தப் பிசையுது.

சரி, தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். சூனியவாதம்னு சிலர் எழுதுறாங்க, ஆனா அது ஏற்கனவே நாகார்ஜுனரோட பௌத்த தத்துவத்துக்கான பேரு, அவரு சொன்ன சூனியம் 'எதுவுமே இல்ல'ங்கிறது கிடையாது, போதாக்குறைக்கு நம்ம ஊர்ல சூனியம்னா செய்வினைதான் முதல்ல ஞாபகம் வரும். மறுப்புவாதம்னா சும்மா எதையாவது ஒத்துக்காம சண்டை போடுறவன் மாதிரி இருக்கு. நான் எழுதுறது இன்மைவாதம். இன்மைன்னா குறள்ல வறுமைனும் ஒரு பொருள் உண்டு, ஆனா கூட 'வாதம்' சேர்ந்துட்டா அந்தக் குழப்பம் வராது. யோஹான் இன்மைவாதி, லைட் இல்ல.