விர்ச்சூ எதிக்ஸ்: பண்பறம்

‘விர்ச்சூ எதிக்ஸ்’ என்ற ஆங்கிலத் தத்துவச் சொல்லைத் தமிழில் ‘நல்லொழுக்க நெறி’ என்று எழுதுவதுண்டு. செவிலியத்தைப் பற்றிப் பேசும்போது இது தடம் மாற்றிவிடும். ஒழுக்கம் என்றால் இன்று விதிக்குக் கட்டுப்படுவது என்றே காதில் விழுகிறது. இந்தச் சொல்லோ, விதி கைகொடுக்காத இடத்தில் ஆளின் பண்பு என்ன செய்யும் என்று பார்ப்பது. ‘பண்பறம்’ என்பதே பொருந்தும்.

லத்தீனில் ‘விர்’ என்றால் ஆண். ‘விர்தூஸ்’ முதலில் ஆண்மை, வீரம். பிறகு கிரேக்க ‘அரெத்தே’க்கு (மேன்மை) ஈடாகி விரிந்தது. ‘எதிக்ஸ்’, குணத்தைக் குறிக்கும் ‘ஏதோஸ்’ வழி வந்தது. கொள்கைக்கு வேர் அரிஸ்டாட்டில். 1958இல் பிரிட்டிஷ் தத்துவவாதி எலிசபெத் ஆன்ஸ்கம் எழுதிய கட்டுரைக்குப் பின் அது மீண்டும் பேச்சுக்கு வந்தது. தமிழில் ‘சால்பு’ இதற்கு மிக அருகில் நிற்கிறது: அன்பு, நாண், ஒப்புரவு, கண்ணோட்டம் (இரக்கம்), வாய்மை ஆகிய ஐந்தும் அதைத் தாங்கும் தூண்கள் என்கிறது குறள் 983. நோயாளியின் அருகிருந்து பார்ப்பவரை மருத்துவத்தின் நான்கு கூறுகளில் ஒன்றாக வைக்கும் 950ஆம் குறள், அவரை ‘உழைச்செல்வான்’ என்கிறது. அழகான சொல், வழக்கில் இல்லை.

அரிஸ்டாட்டிலுக்குத் துணிவு என்பது கோழைத்தனத்துக்கும் கண்மூடித்தனத்துக்கும் இடைப்பட்டது. கோவிட் வார்டில் ஒருவருக்கு இதயம் நின்றுவிட்டது. செவிலியர் கதவுக்கு வெளியே நிற்கிறார். உறைந்து நிற்பது கோழைத்தனம். முகக்கவசம் இல்லாமல் பாய்வதும் துணிவாகாது, ஏனெனில் தொண்டை வழியே சுவாசக் குழாய் செருகும்போது கிருமி கலந்த நுண்துளி காற்றில் பரவும். அவருக்குத் தொற்றினால் அடுத்த படுக்கைக்கும் சக ஊழியருக்கும் போகும், பணிப்பட்டியலிலும் ஆள் குறையும். உள்ளே கவசத்தோடு இருப்பவர் நெஞ்சழுத்தத்தைத் தொடங்க, வெளியே இருப்பவர் மேலங்கி, என்95 முகக்கவசம், கண்காப்பு, கையுறை அணிந்து, கவசத்தின் விளிம்பில் காற்று கசிகிறதா என்று பார்த்த பிறகே நுழைய வேண்டும். அந்தச் சிறிது நேரத்தைப் பொறுக்கும் மனத்திடமும் துணிவில் சேர்த்திதான்.

கண்ணோட்டமும் அப்படியே. மூச்சுவிட உதவியாகக் குப்புறப் படுக்கவைத்த நோயாளி 12 முதல் 16 மணி நேரம் அப்படியே கிடப்பார். கன்னம், நெற்றி, தாடையில் அழுத்தப்புண் வரலாம், இமை மூடாவிட்டால் விழி உலரும், தலையைத் திருப்பும்போது சுவாசக் குழாய் நழுவலாம். இதையெல்லாம் யாரும் சொல்லாமலே கவனிப்பதுதான் அங்கே இரக்கம். எதை முதலில் பார்ப்பது என்று தெரிவது ‘பிரோனெசிஸ்’, தமிழில் விவேகம்.

பண்பறத்தைத் ‘தியாகம்’ என்று மட்டும் பெயர்க்கக் கூடாது. கவசமும் ஆளும் தராத நிர்வாகம் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியும். சரியானது தெரிந்தும் நிறுவனத் தடைகளால் செய்ய முடியாத நிலைக்கு அமெரிக்கத் தத்துவவாதி ஆண்ட்ரூ ஜேம்டன் 1984இல் வேறு பெயர் வைத்தார்: ‘மாரல் டிஸ்ட்ரெஸ்’, அதாவது அறத்தவிப்பு. அது செவிலியரின் பண்புக்குறை அல்ல.