பழைய வணிகக் கட்டடத்தில் வீடு வாங்கும் முன்

பழைய கிடங்கையும் அலுவலகக் கட்டடத்தையும் அடுக்குமாடி வீடுகளாக மாற்றுவதை மனமார வரவேற்பவன் நான். நல்ல கட்டடத்தை இடித்துத் தள்ளுவதைவிட அதில் மனிதர்களைக் குடிவைப்பது எவ்வளவோ மேல். ஆனால் கட்டமைப்புப் பொறியாளராக அங்கே ஆய்வுக்குப் போகும்போதெல்லாம் ஒரே வாதத்தைக் கேட்கிறேன்: "அத்தனை மூட்டைகளைத் தாங்கிய தளம் ஒரு கட்டிலைத் தாங்காதா?"

கட்டிலைத் தாங்கும். சிக்கல் தண்ணீரில்தான் இருக்கிறது. வணிகக் கட்டடத்தில் கழிப்பறைகள் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்திருக்கும். வீடுகளாக்கியதும் தளமெங்கும் குளியலறை, சமையலறை. கழிவுநீர்க் குழாய்க்குச் சரிவு வேண்டுமென்று தளத்தை உயர்த்தி, செங்கல் ஜல்லி காங்கிரீட்டால் நிரப்புகிறார்கள். 25 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிரப்பினாலே சதுர மீட்டருக்கு 400 கிலோவுக்குக் குறையாது. வீட்டில் ஆட்களுக்கும் பொருள்களுக்கும் சேர்த்து நாங்கள் கணக்கில் கொள்வதே சுமார் 200 கிலோதான். மூட்டை இறங்கிப் போய்விடும். இந்தப் பாரம் நிரந்தரமாக அங்கேயே இருக்கும்.

இதைவிட என்னை வருத்துவது உத்தரங்களை வெட்டுவது. ஓரிடத்தில் ஃபால்ஸ் சீலிங்கைக் கழற்றச் சொல்லிப் பார்த்தேன். நூறாண்டு கண்ட தேக்கு உத்தரத்தின் அடிப்பக்கத்தில், நடுப்பகுதிக்கு அருகே, குழாய் போக வசதியாக ஒரு பள்ளம் செதுக்கியிருந்தார்கள். மேலே குடித்தனம் நடந்துகொண்டிருந்தது. உத்தரத்தின் உயரத்தில் கால்பங்கை அப்படிக் குறைத்தால், அந்த இடத்தில் வளைவைத் தாங்கும் வலிமை ஏறத்தாழ பாதியாகிவிடும். குழாயை வேறு வழியில் திருப்பிவிட்டு, இருபுறமும் எஃகுத் தகடு பொருத்திய பிறகே எனக்கு நிம்மதி வந்தது.

சுவரிலும் தண்ணீர்ப் பிரச்சினை உண்டு. சுண்ணாம்புக் காரைச் சுவர் உறிஞ்சும் ஈரத்தைத் தானே வெளியேற்றிவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசி, பிளாஸ்டிக் பெயிண்டும் அடித்தால் ஈரம் உள்ளேயே தங்கி, சுவருக்குள் புதைந்த உத்தர முனைகளைப் பிடித்துக்கொள்கிறது. மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குமேல் நீடித்தால் பூஞ்சை பிடிக்கத் தோதாகிவிடும். வெளியே வண்ணம் பளபளக்கும். உள்ளே முனை மட்கிக்கொண்டிருக்கும்.

தீ விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். குழாய்க்காகத் தளத்தில் போட்ட ஒவ்வொரு துளையும் புகைக்கு வழி. அதைச் சுற்றித் தீத்தடுப்புப் பொருளால் அடைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

வாங்குவதற்கு முன் குழாய்ப் பாதை வரைபடத்தையும் உத்தரங்கள் காட்டும் வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் குறுக்கிடும் இடங்களை உங்கள் சொந்தப் பொறியாளர் நேரில் பார்க்கட்டும். விற்பவரின் பொறியாளர் தரும் சான்றிதழ் மட்டும் போதாது. உத்தர முனைகளுக்கு அருகே சீலிங்கில் ஒரு சிறு திறப்பு விடச் சொல்லுங்கள். அழகு கெட்டுவிடும் என்று மறுப்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள்.