டாக்கிகார்டியா – விரைவுத்துடிப்பு

இசிஜி தாளில் 'சைனஸ் டாக்கிகார்டியா' என்று அச்சாகி வந்தால், பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது மூக்குதான். சைனஸ் என்றாலே மூக்கடைப்பு, தலைவலி என்று பழகிவிட்டோம். லத்தீனில் அந்தச் சொல்லுக்கு வளைவு, மடிப்பு, உட்குழிவு என்று பொருள். முக எலும்புக் குழிகளுக்கு அந்தப் பெயர் வைத்தார்கள். கருவில் வளரும் இதயத்துக்குச் சிரைகள் வந்து சேரும் பைக்கும் அதையே வைத்தார்கள். பிற்பாடு அந்தப் பகுதியில்தான் இதயத்துடிப்பைத் தொடங்கிவைக்கும் சிறு முடிச்சு இருக்கிறது என்பதை 1907இல் ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் இருவரும் விவரித்தார்கள். துடிப்பு அந்த முடிச்சிலிருந்தே முறையாகக் கிளம்புகிறது, ஆனால் வேகம் கூடுதல். சைனஸ் டாக்கிகார்டியா என்பதன் பொருள் இவ்வளவுதான்.

டாக்கிகார்டியா கிரேக்க ஒட்டுச்சொல். டாக்கிஸ் என்றால் விரைவான, கார்டியா என்றால் இதயம். இதற்கு எதிர்ச்சொல் பிராடிகார்டியா. பிராடிஸ் என்றால் மெதுவான. பெரியவர்களுக்கு ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இயல்பு, 100ஐத் தாண்டினால் டாக்கிகார்டியா என்பது பாடநூல் வரையறை.

'பம்பிங் கம்மி' என்று டாக்டர் சொன்ன இதயத்துக்கு, அதாவது ஹார்ட் ஃபெயிலியரில் தளர்ந்துபோன இதயத்துக்கு, இந்த 100 என்ற கோடு அவ்வளவாக உதவுவதில்லை. கணக்கு போட்டுப் பார்த்தால் புரியும். ஒரு துடிப்புக்கு 70 மில்லி ரத்தம் வெளியேறும் இதயம் நிமிடத்துக்கு 70 முறை துடித்தால் 4,900 மில்லி. தளர்ந்த இதயம் ஒரு துடிப்புக்கு 50 மில்லிதான் தள்ளுகிறது என்றால், அதே அளவை எட்ட 98 முறை துடிக்க வேண்டும். உடல் அட்ரினலின் வகைச் சுரப்புகளைக் கூட்டி அதைத்தான் செய்கிறது. ஆளோ சும்மா உட்கார்ந்திருப்பார். இதயம் மாடிப்படி ஏறிக்கொண்டிருக்கும்.

தொடக்கத்தில் இது கைகொடுக்கும். நாள்பட்டால் கெடுதல். துடிப்பு வேகமாகும்போது சுருங்கும் நேரத்தைவிட விரியும் நேரம்தான் அதிகம் குறைகிறது. இதயம் நிரம்புவது அந்த விரியும் நேரத்தில்தான். இடது கீழறைத் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் போய்ச் சேருவதும் அப்போதுதான். ஆக, வேலை கூடுகிறது, அந்த வேலையைச் செய்யும் தசைக்கு வரத்து குறைகிறது.

துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகளை இந்த நோயாளிகளுக்குக் கொடுக்கவே கூடாது என்றுதான் முன்பு மருத்துவர்கள் நினைத்தார்கள். தளர்ந்த இதயத்தை மேலும் அடக்கிவிடுமே என்ற நியாயமான பயம். 1975இல் ஸ்வீடனின் கோத்தன்பர்கில் ஃபின் வாக்ஸ்டைன் குழுவினர் ஏழு பேருக்குக் கொடுத்துப் பார்த்ததில் நிலைமை தேறியது. ஆனாலும் 1999 வாக்கில் பெரிய ஆய்வுகள் வந்த பிறகே உலகம் முழுதாக நம்பியது. அப்புறம் 2010இல் ஷிஃப்ட் என்ற ஆய்வு. பம்பிங் (இடது கீழறையில் நிரம்பிய ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு வெளியேறும் பங்கு) 35 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்து, சைனஸ் துடிப்பு 70 அல்லது அதற்கு மேல் உள்ளவர்களுக்கு, வழக்கமான மருந்துகளோடு ஐவாப்ரடின் கொடுத்தார்கள். துடிப்பைத் தொடங்கிவைக்கும் அந்தச் சைனஸ் முடிச்சை மட்டும் மெதுவாக்கும் மருந்து அது. இதயநோய்ச் சாவு அல்லது இதயத் தளர்ச்சி முற்றி மருத்துவமனையில் சேர்வது என்ற கூட்டுக்கணக்கு 18 சதவீதம் குறைந்தது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற தாறுமாறான துடிப்பு நிலையாக இருப்பவர்களுக்கு இது பயன்படாது. அங்கே துடிப்பை நடத்துவது அந்த முடிச்சே அல்ல.

ஆக, தளர்ந்த இதயத்துக்கு 70 என்பதே கவனிக்க வேண்டிய எண். 88 என்றால் இசிஜி இயந்திரம் டாக்கிகார்டியா என்று அச்சடிக்காது. மருத்துவர் சும்மா விடமாட்டார். வழக்கமாக 65இல் இருந்தவருக்குத் திடீரென்று 90 காட்டினால் காய்ச்சல், ரத்தசோகை, தைராய்டு, நீர்கோத்தல், மாத்திரை விட்டுப்போனது என்று காரணத்தைத் தேடுவார்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'படபடப்பு' பொருந்தாது. அது உணர்வின் பெயர். துடிப்பு 75 இருக்கும்போதே நெஞ்சு படபடக்கலாம். 105 ஓடியும் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். 'மிகைத்துடிப்பு' என்று எழுதுவதுண்டு. தவறில்லை, ஆனால் மிகை என்றதும் தேவைக்கு மேல் என்ற தீர்ப்பு வந்துவிடுகிறது. காய்ச்சலிலோ ஓட்டத்திலோ துடிப்பு கூடுவது தேவைக்குத்தான். கிரேக்கச் சொல்லும் விரைவை மட்டுமே சொல்கிறது. அதனால் என் தேர்வு 'விரைவுத்துடிப்பு'. 'விரைதுடிப்பு' என்று வினைத்தொகையாக்கினால் இன்னும் அழகாக இருக்கும்தான். ஆனால் மருத்துவத் தமிழில் விரை என்றால் வேறு உறுப்பு. விரைவீக்கம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

ஹார்ட் ஃபெயிலியருக்கு 'இதயச் செயலிழப்பு' என்ற வழக்கு நிலைத்துவிட்டது. கேட்பவருக்கு இதயம் நின்றே போனதுபோல் தோன்றும். நோயாளியிடம் 'இதயத் தளர்ச்சி' என்பது மேல். இரண்டையும் சேர்த்தால் 'இதயத் தளர்ச்சியில் ஓய்வுநிலை விரைவுத்துடிப்பு'. கொஞ்சம் நீளம்தான். ஆனால் 'ஓய்வுநிலை' என்பதை மட்டும் விட்டுவிடக் கூடாது. ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு, மணிக்கட்டில் விரல் வைத்து முழு ஒரு நிமிடம் எண்ணிக் கிடைக்கும் எண்ணைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது.