உங்கள் இசிஜி யார் யாருக்குப் போகலாம்?

சின்ன ஊர் மருத்துவமனை. இரவு பதினோரு மணிக்கு நெஞ்சுவலியோடு ஒருவர் வருகிறார். டியூட்டி டாக்டர் இசிஜி எடுத்து, அதைப் போனில் படம் பிடித்து, வெளியூரில் இருக்கும் இதய நிபுணருக்கு அனுப்புகிறார். சில நிமிடங்களில் பதில் வருகிறது, ஊசி போடப்படுகிறது. ஒரு வாரம் கழித்து அதே இசிஜி டாக்டர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் பாடமாகப் போகிறது. அடுத்த மாதம் யாரோ அதை ஃபேஸ்புக்கில் ஏற்றிவிடுகிறார்கள், மூலையில் நோயாளியின் பெயரும் வயதும் அப்படியே இருக்கின்றன.

படம் ஒன்றுதான். ஆனால் விதிப்படி பார்த்தால் நடந்தவை மூன்று தனித்தனிக் காரியங்கள்.

முதலாவதில் தப்பே இல்லை. 2020 மார்ச் 25 அன்று மத்திய அரசு வெளியிட்ட தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள், தன் நோயாளிக்காக இன்னொரு டாக்டரிடம் போனிலோ வீடியோவிலோ வாட்ஸ்அப்பிலோ ஆலோசனை கேட்க டாக்டருக்கு இடம் தருகின்றன. கேட்பதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யலாம். ஒரு விஷயம் மட்டும் மாறாது: ஆலோசனை யாரிடம் கேட்டாலும் சிகிச்சைக்குப் பொறுப்பு உங்களை நேரில் பார்க்கும் டாக்டருடையதுதான். ‘பெரிய டாக்டர் சொன்னார், செய்தேன்’ என்று கை கழுவ முடியாது. அரசின் தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனியிலும் கிராமத்து நலவாழ்வு மையத்தில் இருப்பவர், தொலைவில் உள்ள டாக்டரிடம் உங்கள் விவரத்தைக் காட்டிக் கேட்கும் ஏற்பாடு உண்டு. உயிருக்குப் போராடும் நேரத்தில் ‘என் இசிஜியை ஏன் அனுப்பினீர்கள்’ என்று கோபப்படுவதில் நியாயம் இல்லை.

இரண்டாவதுதான் சிக்கலானது. டாக்டர்களின் தொழில் நடத்தைக்கு இன்றைக்கும் அடிப்படையாக இருப்பவை இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிமுறைகள். அதில் 7.14வது பிரிவு, தொழில் நிமித்தம் தெரிந்துகொண்ட நோயாளியின் ரகசியத்தை டாக்டர் வெளியிடக் கூடாது என்கிறது. நீதிமன்ற உத்தரவு, குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ கடுமையான ஆபத்து, காசநோய் மாதிரி அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய்கள் ஆகியவை மட்டும் விலக்கு. 7.17வது பிரிவு படங்களையும் கேஸ் விவரங்களையும் பற்றியது. நோயாளி யார் என்று கண்டுபிடிக்கக்கூடிய விதத்தில் அவற்றை எந்த இதழிலும் அவர் அனுமதியில்லாமல் வெளியிடக் கூடாது. அடையாளம் தெரியாவிட்டால் அனுமதி தேவையில்லை.

அந்தக் கடைசி வரியில்தான் எல்லாம் இருக்கிறது. அடையாளம் தெரியாது என்று யார் முடிவு செய்வது? கண்ணுக்கு மேல் கறுப்புப் பட்டை ஒட்டினால் போதும் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழுவே அது போதாது என்று சொல்லிவிட்டது. பெயரை அழித்துவிட்டு ஓபி நம்பரை விட்டுவிடுவார்கள், ஸ்கேன் ஓரத்தில் தேதியும் மருத்துவமனைப் பெயரும் நிற்கும். கையில் பச்சை குத்தியிருப்பது தெரியும். ‘இந்த ஊர், இந்த வயது, பாம்புக்கடி, இரட்டைக் குழந்தைகளின் தாய்’ என்று எழுதினால் பெயர் எதற்கு? அந்த ஊர் டீக்கடையில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். அரிய நோயாக இருந்தால் ஊர்கூட வேண்டாம், நோயின் பெயரே அடையாளம்தான். அதனால் அனுமதி தேவையில்லாத கேஸ் என்று தோன்றினாலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவதே மரியாதை என்பது என் எண்ணம். கேட்டால் பெரும்பாலானோர் ‘படிக்கிற பிள்ளைகளுக்குத்தானே, சரி’ என்றுதான் சொல்வார்கள்.

மூன்றாவது, பொதுவெளியில் போடுவது. 2002இல் வாட்ஸ்அப்பும் இல்லை, ஃபேஸ்புக்கும் இல்லை, அதனால் அந்த விதிகள் இதழ்களைத்தான் பேசுகின்றன. அந்தக் கவுன்சிலுக்குப் பதிலாக 2020இல் வந்த தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் கொண்டுவந்த புதிய விதிமுறைகளில் சமூக ஊடகத்துக்கென்றே தனிப் பகுதி இருந்தது. நோயாளியின் படத்தையோ ஸ்கேனையோ அங்கே போடக் கூடாது என்றும் சொன்னது. ஆனால் மற்ற பிரிவுகளுக்கு எழுந்த எதிர்ப்பால் அதே மாதம் மொத்தத்தையும் நிறுத்தி வைத்துவிட்டார்கள். அப்படியென்றால் இப்போது தடையே இல்லையா? இருக்கிறது. மேலே சொன்ன 2020 வழிகாட்டுதல்கள், நோயாளியின் படத்தையும் தகவலையும் தவறாகப் பயன்படுத்துவதை நடத்தைக் குற்றம் என்கின்றன. அந்தரங்கப் படத்தைச் சமூக ஊடகத்தில் ஏற்றுவதை அதற்கு உதாரணமாகவே காட்டுகின்றன. அந்த வழிகாட்டுதல்கள் 2002 விதிமுறைகளின் பிற்சேர்க்கைதான்.

சில நோய்களுக்குச் சட்டம் இன்னும் கடுமை. எச்ஐவி தொற்று இருப்பதை, 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி, உங்கள் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் டாக்டர் வெளியே சொல்ல முடியாது. உங்கள் சிகிச்சையில் பங்கெடுக்கும் இன்னொரு மருத்துவப் பணியாளருக்குத் தேவையான அளவு சொல்வது, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. மனநல சிகிச்சையில் இருப்பவரின் படத்தையோ விவரத்தையோ அவர் சம்மதம் இல்லாமல் ஊடகத்துக்குக் கொடுக்கக் கூடாது என்று அதே ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. கணினியில் சேமித்த தகவலுக்கும் அது பொருந்தும்.

நடைமுறைக்கு வருவோம். அறுவைச் சிகிச்சைக்கு முன் நீட்டப்படும் படிவத்தில், படம் எடுக்கவும் கற்பிக்கப் பயன்படுத்தவும் சம்மதம் என்று ஒரு வரி இருக்கக்கூடும். பதற்றத்தில் யாரும் படிப்பதில்லை. படித்துப் பாருங்கள், விருப்பமில்லை என்றால் அந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிடச் சொல்லுங்கள். படம் வேண்டாம் என்பது சிகிச்சை வேண்டாம் என்பதாகாது. நோயாளி குழந்தை என்றால் பெற்றோர் சொல்லலாம்.

ஏற்கெனவே படம் வெளியே போய்விட்டதா? அந்த டாக்டர் பதிவு செய்துள்ள மாநில மருத்துவ கவுன்சிலுக்கு, இங்கே தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலுக்கு, எழுத்தில் புகார் கொடுக்கலாம். ஆறு மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. தவறு நிரூபணமானால் பதிவேட்டிலிருந்து டாக்டரின் பெயரைக் குறிப்பிட்ட காலத்துக்கு நீக்கக்கூட கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் நஷ்டஈடு அங்கே கிடைக்காது. அதற்கு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நம்பிச் சொன்ன சொந்தத் தகவலை வெளியிடுவது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்று. காசு கொடுத்துப் பெற்ற சிகிச்சை என்றால், இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

புகாருக்கு உங்கள் மருத்துவப் பதிவேடுகளும் தேவைப்படும். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது அதே 2002 விதி. உள்நோயாளியின் பதிவேடுகளைச் சிகிச்சை தொடங்கியதிலிருந்து மூன்று ஆண்டு வரை பாதுகாக்கும் கடமைதான் அந்த விதிப்படி டாக்டர்களுக்கு உண்டு, அதனால் தள்ளிப்போடாதீர்கள். அப்புறம் ஒன்று: படத்தை நீக்கச் சொல்லிச் சண்டை போடுவதற்கு முன்னால், தேதியும் கணக்கின் பெயரும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். அவர்கள் நீக்கிவிட்டால் காட்டுவதற்கு உங்களிடம் எதுவும் இருக்காது.