நண்பகலில் வியர்க்காத இலை

வாசகர் ஒருவர் எழுதியிருந்தார்: "மதியம் கரண்ட் போய், எக்ஸாஸ்ட் ஃபேன் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டது. பசுமைக்குடிலுக்குள் வெப்பமானி 39 டிகிரிதான் காட்டியது. அந்தச் சூட்டை என் ஆர்க்கிட்கள் முன்பும் தாங்கியிருக்கின்றன. ஆனால் மூன்றாம் நாள் ஃபலனாப்சிஸ் இலைகளின் நடுவில் காகிதம் போல வெளுத்த திட்டுகள். அதே மேசையில் இருந்த இன்னொரு வகை ஆர்க்கிட்டான ஆன்சிடியத்துக்கு ஒன்றுமே ஆகவில்லை. ஏன்?"

வெப்பமானி பொய் சொல்லவில்லை. அது சொன்னது காற்றின் சூட்டை. வெந்ததோ இலை.

குடில் ஏன் சுடுகிறது என்பதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி வெப்பக்கதிரை வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது என்றுதான் பள்ளியில் படித்தோம். 1909-இல் ஆர். டபிள்யூ. உட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இரண்டு சிறு பெட்டிகளை வெயிலில் வைத்தார். ஒன்றுக்குக் கண்ணாடி மூடி. மற்றதற்கு, வெப்பக்கதிரைத் தாராளமாக வெளியே விடும் பாறை உப்புத் தகடு. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான் சுட்டன. ஆக, குடில் சுடுவதற்கு முதல் காரணம், சூடேறிய காற்று மேலெழுந்து தப்ப வழியில்லாததுதான். அந்த வழியைத் திறந்துவிடுவதே ஃபேனின் வேலை.

உச்சிவெயில் ஒரு சதுர மீட்டரில் சுமார் 1,000 வாட். 12 சதுர மீட்டர் குடிலில், நிழல்வலை தடுத்தது போக 40 சதவீதம் உள்ளே வந்தாலும் 4.8 கிலோவாட். ஐந்து இஸ்திரிப் பெட்டிகளை ஒரே நேரத்தில் போட்டு வைத்தது போல. இரண்டரை மீட்டர் உயரக் குடிலென்றால் உள்ளே இருக்கும் காற்று 35 கிலோ சொச்சம். அத்தனை வெப்பமும் காற்றுக்கே போனால் ஏழெட்டு விநாடிக்கு ஒரு டிகிரி ஏறும். தரையும் தொட்டிகளும் தண்ணீரும் பங்கு போட்டுக்கொள்வதால்தான் நமக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கிறது.

இனி இலைக்கு வருவோம். எனக்கு அலுக்கவே அலுக்காத இடம் இது.

சாதாரணச் செடி வெயிலில் இலைத்துளைகளைத் திறந்து வைத்து ஒளிச்சேர்க்கை செய்கிறது. திறந்த துளை வழியே நீராவி போகிறது. ஒவ்வொரு கிராம் நீரும் சுமார் 2.4 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. அதாவது இலை வியர்க்கிறது. ஃபலனாப்சிஸ், கட்லேயா, வாண்டா போன்ற தடித்த இலை ஆர்க்கிட்களின் வழி வேறு. மண்ணில்லாமல் மரக்கிளையில் ஒட்டி வாழும் அவற்றுக்குத் தண்ணீர் எப்போது கிடைக்கும் என்ற உறுதி இல்லை. அதனால் பகலில் துளைகளை இறுக மூடிவிட்டு, பெரும்பாலும் இரவின் குளிர்ச்சியில்தான் திறக்கின்றன. இரவெல்லாம் உள்ளே இழுத்த கார்பன் டை ஆக்சைடை மாலிக் அமிலமாக மாற்றிச் செல்களில் சேமிக்கின்றன. விடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு, அந்த அமிலத்தை உடைத்து, வெளிவரும் கார்பன் டை ஆக்சைடைக் கொண்டு சர்க்கரை செய்கின்றன.

இதன் தடயத்தை முதலில் பிடித்தது ஒரு நாக்கு. இந்தியாவில் வேலை பார்த்த தாவரவியலாளர் பெஞ்சமின் ஹெய்ன், ரணகள்ளி இலையைக் காலையில் மென்றபோது நன்றாகப் புளித்தது. நண்பகலில் சுவையே இல்லை. மாலையில் லேசான கசப்பு. இதை அவர் லண்டன் லின்னேயன் சங்கத்துக்கு எழுதிய கடிதம் 1815-இல் அச்சானது. காலைப் புளிப்பு, இரவில் சேர்ந்த அமிலம். நண்பகலுக்குள் இலை அதைச் செலவழித்துவிட்டது. ரணகள்ளி சேர்ந்த கிராசுலா குடும்பத்தின் பெயரால் இதற்குக் கிராசுலேசியன் அமில வளர்சிதை மாற்றம் என்று பெயர்.

தண்ணீரைச் சேமிக்கும் இந்தத் திறமைக்கு ஒரு விலை உண்டு. வெயில் உச்சியில் இருக்கும்போது ஃபலனாப்சிஸ் இலையால் வியர்க்க முடியாது. அது வெப்பத்தைக் கழிக்கப் பெரிதும் நம்பியிருப்பது, தன்னைத் தொட்டுப் போகும் காற்றை. மரக்கிளையில் காற்று வீசிக்கொண்டே இருக்கும். குடிலில் அந்தக் காற்று நம் ஃபேன்தான்.

எந்த இலையின் மேலும் அசையாத காற்று சில மில்லிமீட்டர் கனத்தில் ஒரு போர்வை போல ஒட்டியிருக்கும். எல்லைப்படலம் என்பார்கள். இலை அகலமாக இருந்தால் அது தடிக்கும், காற்று வேகமெடுத்தால் மெலியும். வேகம் நான்கு மடங்கானால் படலம் பாதியாகும். பென்சில் போன்ற இலை கொண்ட வாண்டாக்கள் கடும் வெயிலிலும் நிற்பதற்கு இது ஒரு காரணம். ஃபலனாப்சிஸ் இலையோ கையகலம். ஃபேன் நின்றதும் அதன் போர்வை தடித்துவிடுகிறது.

என் குடிலில் ஒரு நாள் வேண்டுமென்றே ஃபேனை நிறுத்தி, அகச்சிவப்பு வெப்பமானியை இலைக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றேன். காற்று 36. இலை 41, 43 என்று ஏறி, கால் மணி நேரத்தில் 46-ஐத் தொட்டது. புறங்கையை வைத்தேன், சுட்டது. உடனே ஃபேனைப் போட்டேன். பத்து நிமிடத்தில் இலை மறுபடி 41. அந்தப் பத்து நிமிடமும் காற்றின் வெப்பநிலை ஒரு டிகிரிகூட மாறவில்லை.

வாசகரின் ஆன்சிடியம் பிழைத்தது இதனால்தான். அதன் இலை மெல்லியது, குறுகலானது, பகலில் வியர்க்கும்.

அவர் இன்னொன்றும் எழுதியிருந்தார்: இலையில் தண்ணீர் தெளிக்க நினைத்தாராம், வெயிலில் நீர்த்துளி லென்ஸ் போல இலையைப் பொசுக்கிவிடும் என்று யாரோ தடுத்துவிட்டார்களாம். தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் இதை, 2010-இல் ஹங்கேரி ஆராய்ச்சியாளர்கள் சோதித்தே பார்த்தார்கள். வழுவழுப்பான இலையில் கண்ணாடி மணிகளை வைத்தால் பொசுங்கியது, நீர்த்துளி பொசுக்கவில்லை. துளி தட்டையாகப் படிவதால் அதன் குவியம் இலைக்கு வெகு கீழே விழுகிறது. தவிர, துளி இலையைக் குளிர்விக்கவும் செய்கிறது. ரோமம் அடர்ந்த இலைகளில் மட்டும், துளி உயரே தங்குவதால் ஆபத்து உண்டு. ஆர்க்கிட் இலை பெரும்பாலும் வழுவழுப்பு. அன்று தெளித்திருந்தால் அது இலைக்குக் கடன் கொடுத்த வியர்வையாக இருந்திருக்கும். இலை மென்று பார்ப்பதற்கும் நீர்த்துளியை அளப்பதற்கும் யார் பணம் கொடுப்பார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. கொடுக்கத்தான் வேண்டும் என்பேன். ஒரு தவறான நம்பிக்கை எத்தனை செடிகளைக் கொன்றிருக்கும்!

ஆனால் குடிலின் கதவைச் சாத்திக்கொண்டு தெளித்துப் பயனில்லை. 35 டிகிரியில் 30 கனமீட்டர் காற்று தாங்கும் நீராவி மொத்தமே 1.2 கிலோ. ஏற்கெனவே ஈரப்பதம் பாதி இருந்தால், இன்னும் அரை லிட்டரோடு காற்று நிறைந்துவிடும். அந்த அரை லிட்டர் விழுங்குவது மேலே சொன்ன வெயிலில் நாலு நிமிடத்தை மட்டும். எனவே ஃபேன் நின்றால் முதல் வேலை, கூரைக்கு வெளியே ஒரு பழைய போர்வையையாவது விரித்து வெயிலை மறைப்பது. அடுத்து, கீழே கதவையும் மேலே சன்னலையும் திறப்பது. அதன் பிறகே தெளிப்பான்.

ஃபேன் நிற்பதற்குக் கரண்ட் மட்டுமே காரணமில்லை. 'ம்ம்ம்' என்று உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால் அநேகமாகக் கெப்பாசிட்டர் போயிருக்கும். குடிலிலேயே சூடான, ஈரமான காற்று அதன் மேல்தான் நாள் முழுக்க வீசுகிறது. 10 டிகிரி கூடினால் கெப்பாசிட்டரின் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்களின் தோராயக் கணக்கு. ஒன்று வாங்கிக் கைவசம் வைத்திருங்கள். ஒரு பெரிய ஃபேனை விட, தனித்தனி இணைப்பில் இரண்டு சிறியவை மேல். சூடு ஏறியதும் ஃபேனைத் தானாகப் போடும் தெர்மோஸ்டாட்டின் ரிலேயும் (உள்ளே இருக்கும் சுவிட்ச்) நின்றுபோகக்கூடும் என்பதால், மூன்று டிகிரி கூடுதலாக வைத்த இரண்டாவது தெர்மோஸ்டாட்டை இணையாகச் சேர்த்திருக்கிறேன். வெப்பமானியை, உள்ளே வரும் காற்றைக் குளிர்விக்க நனைத்து வைக்கும் ஈரத்திண்டுக்குப் பக்கத்தில் மாட்டாதீர்கள். அங்கே எப்போதும் குளுமையாகத்தான் காட்டும்.

கரண்டே வேண்டாத ஒரு கருவியும் உண்டு. கூரைச் சன்னலில் பொருத்தும் மெழுகு உருளை. சூடேறி உருகும்போது மெழுகின் கன அளவு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கூடும். அந்த விரிவு ஒரு தண்டைத் தள்ளிச் சன்னலைத் திறக்கும். குளிர்ந்ததும் ஸ்பிரிங் மூடிவிடும். கார் இன்ஜின் தெர்மோஸ்டாட்டுக்குள் இருப்பதும் இதே மெழுகுதான். ஃபேன் அளவுக்குக் காற்றை இழுக்காது, ஆனால் நீங்கள் வீட்டில் இல்லாத நாளிலும் திறக்கும்.

வெளுத்த திட்டு மறுபடி பச்சையாகாது. அதற்காக இலையை வெட்ட வேண்டாம். மிச்சமுள்ள பச்சை இன்றிரவும் துளை திறந்து அமிலம் சேர்க்கும். திட்டு காய்ந்து விளிம்பு தெளிவாக நின்றால் கவலையில்லை. ஈரமாகிப் பரவினால் அழுகல். அதைச் சுற்றியுள்ள நல்ல பகுதியில் கொஞ்சத்தோடு சேர்த்து வெட்டிவிடுங்கள். குருத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் செடி பிழைத்துவிட்டது.