ஒரு மில்லிமீட்டரும் எட்டு மில்லிமீட்டரும்: அபார்த் கார்களின் கதை

ஃபியட் 600 என்ற சின்னக் குடும்பக் கார் 1955-இல் இத்தாலியில் விற்பனைக்கு வந்தது. பின்பக்கத்தில் நான்கு சிலிண்டர் எஞ்சின், 633 சிசி, இருபதுக்குச் சற்று மேற்பட்ட குதிரைத்திறன். மறு ஆண்டே டூரின் நகரத்துப் பட்டறை ஒன்று அந்த எஞ்சினை 747 சிசியாக வளர்த்து, சக்தியை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக் காட்டியது. அந்தப் பட்டறைதான் அபார்த்.

எப்படி வளர்த்தார்கள்? சிலிண்டரின் விட்டம் 60 மி.மீ. இருந்தது 61 ஆனது, அவ்வளவுதான். நான்கு சிலிண்டர்களும் ஒரே வார்ப்பில் நெருங்கி நிற்பதால், குடையக் குடைய இடைச்சுவர் மெலியும். அதனால் கையை வைத்தது ஸ்ட்ரோக்கில். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 56 மி.மீ.-லிருந்து 64 ஆயிற்று. அதற்கு, பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டான கிராங்க்ஷாஃப்ட் புதிதாக வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் கூடுதல் தூரம் ஓடுவதால், அதே சுழற்சியில் வேகமும் உதறலும் கூடும். அதைத் தாங்கும் அளவுக்குப் பாகங்கள் உறுதியாக இருக்க வேண்டும்.

1963-இல் வந்த அபார்த் 595-இல் இதே ஆட்கள் நேரெதிர் வழியில் போனார்கள். ஃபியட் 500-இன் இரட்டைச் சிலிண்டர் எஞ்சின் காற்றில் குளிர்வது. சிலிண்டர்கள் தனித்தனிக் குழல்கள், கழற்றி மாற்றலாம். ஆகவே 70 மி.மீ. ஸ்ட்ரோக்கை அப்படியே விட்டுவிட்டு, விட்டத்தை 67.4-லிருந்து 73.5 ஆக்கினார்கள். 18 குதிரைத்திறன் 27 ஆனது. எஞ்சின் எதற்கு இடம் கொடுக்கிறதோ அதைப் பார்த்து வேலை செய்த இந்தக் கூர்மைதான் அபார்த்தின் உண்மையான பெருமை என்பேன். பந்தயக் கோப்பைகள் எல்லாம் அப்புறம்தான்.

நிறுவனர் கார்லோ அபார்த் 1908-இல் வியன்னாவில் பிறந்தவர், மோட்டார் சைக்கிள் பந்தய வீரர். சிசிட்டாலியா என்ற பந்தயக் கார் நிறுவனம் நொடித்தபோது, குயிடோ ஸ்கல்யாரினியுடன் சேர்ந்து 1949-இல் சொந்தக் கடை போட்டார். மேல்நாட்டுச் சோதிடப்படி அவருடைய ராசி விருச்சிகம். சின்னத்தில் தேள் வந்தது அப்படித்தான். 1965-இல், 57 வயதை நெருங்கும்போது, ஒடுக்கமான பந்தயக் காருக்குள் உட்காருவதற்காக 30 கிலோ எடை குறைத்து, மோன்சா ஓடுதளத்தில் சாதனை படைத்தார். என்ன மனிதர்!

பட்டறைக்குச் சோறு போட்டதில் சைலன்சருக்குப் பெரிய பங்குண்டு. சாதாரண சைலன்சர் புகையைத் தடுப்புகளில் மோதவிட்டுச் சத்தத்தைக் குறைக்கிறது. அந்தத் தடை எஞ்சினைப் பின்னோக்கி அழுத்துவதால், எரிந்த வாயு முழுவதும் வெளியேறாமல் புதுக் கலவைக்கு இடம் குறையும். அபார்த் சைலன்சரில் துளையிட்ட நேர்க்குழாய், அதைச் சுற்றிக் கண்ணாடி இழை. வாயு தடையின்றி நேரே போகும். ஒலி அலைகள் மட்டும் துளைகள் வழியே இழைக்குள் நுழைந்து உரசி வெப்பமாகத் தேயும். கரகரத்த அடிக்குரல் மிஞ்சும்.

1971-இல் நிறுவனத்தை ஃபியட் வாங்கியது. ஃபியட் 131 அபார்த் 1977, 1978, 1980 ஆகிய ஆண்டுகளில் உலக ராலி பட்டத்தை வென்றது. 2023-இல் வந்த மின்சார அபார்த் 500இ-க்குப் புகைக்குழாயே கிடையாது. பழைய பெட்ரோல் எஞ்சினின் ஒலியை வெளியே பொருத்திய ஒலிபெருக்கி எழுப்புகிறது. எனக்கு அது ஒட்டவில்லை. வாயு ஓட்டத்தைச் சீராக்கப் போய்ப் பிறந்த ஒலி அது. ஓடுவதற்கு வாயுவே இல்லாத காரில் பாட்டரியின் எடையைக் குறைக்க அதே மூளையைச் செலவிட்டால், அதுதான் அபார்த் வேலை.